பத்து நாள்தான் என்றதும் மாமனார் பையைக் கட்டினார்

கேள்வி: நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள் நான். பதினோரு வருடமாக அமெரிக்காவில், சான் ஹோசேயில் இருக்கிறேன். கணவர் வியட்நாமியர். மாமனாருக்கு 79 வயது. தென் வியட்நாம் மரைன் படையில் லெப்டினன்டாக இருந்தவர். போர் முடிந்த பிறகு ஆறு வருடம் முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். 1992இல் குடும்பத்தோடு இங்கே வந்தார். போன வருடம் மாமியார் காலமானார். அதிலிருந்து மாமா தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசுகிறார். ஒருநாள் ஊர் நினைப்பில் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்பு வைத்தேன். வியட்நாமிலும் இந்தக் கிழங்கு உண்டே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஒரு துண்டைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று இரவு என்னிடம் பேச ஆரம்பித்தார். குவாங் ட்ரி என்று ஓர் ஊர், ஒரு கோட்டை, ஓர் ஆறு, பிறகு முகாம். இன்னொரு நாள் அவர் பேசும்போது குறித்து வைக்கலாமே என்று நோட்டும் பேனாவும் எடுத்தேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். என் கணவரோ, "பழசைக் கிளறாதே" என்று என்னைக் கோபிக்கிறார். ஜனவரியில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறோம். நாத்தனார் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறார். அதனால் மாமாவை ஒரு முதியோர் இல்லத்தில் விடலாம் என்று முடிவு செய்து, "பத்து நாள்தான்" என்று சொன்னோம். மறுநாள் விடியற்காலை பார்த்தால், ஒரு துணிப்பையில் அரிசி, உப்பு, இரண்டு சட்டை, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் வைத்துக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பேச வைப்பது நல்லதா, கெடுதலா? எட்டு வயது மகளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெயர் வேண்டாம், சான் ஹோசே

பதில்:

அன்புள்ள சகோதரி,

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அவராகப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள். நீங்களாகப் பேச வைக்காதீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். உங்கள் மாமனார் விஷயத்தில் அப்படி இல்லை. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பை. அதுதான் அவசரம்.

1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் படைகளிடம் விழுந்தது. ஜூன் மாதம் புதிய ஆட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய ராணுவத்தில் இருந்தவர்கள் 'ஹொக் தாப் கை தாவ்', அதாவது படித்துத் திருந்துவதற்காக, நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். சாதாரணச் சிப்பாய்களுக்கு மூன்று நாள் வகுப்பு. மேஜருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரு மாதத்துக்கு வேண்டியதைக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாம் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரை உள்ளவர்களுக்குப் பத்து நாளுக்கு வேண்டியது. பேப்பர், பேனா, துணி, கொசுவலை, பத்து நாள் சாப்பாடு அல்லது அதற்கான பணம். பத்து நாளில் திருப்பி அனுப்புவோம் என்று அந்த அறிவிப்பில் எங்கேயும் இல்லை. பத்து நாளுக்கு எடுத்து வா என்றுதான் இருந்தது. மிச்சத்தை மக்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். சிப்பாய்கள் மூன்று நாளில் வீடு திரும்பியதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், அதனால் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூடங்களில் போய்ப் பெயர் கொடுத்தார்கள். இரவில் மூடிய லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அதனால் எத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. சிலருக்கு மூன்று வருடம், சிலருக்கு ஆறு, சிலருக்குப் பத்துக்கும் மேல். சைகோனுக்கு முன்னால் நடந்த கடைசிப் பெரிய சண்டையான சுவான் லோக்கில் 18ஆவது டிவிஷனை நடத்திய ஜெனரல் லே மின் தாவ் வெளியே வந்தது 1992இல். பதினேழு வருடம்.

உங்கள் மாமனார் லெப்டினன்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் காதில் விழுந்த கணக்கு பத்து நாள். ஐம்பது வருடம் கழித்து, அவர் வீட்டுக்குள், அவர் மகனே வந்து, ஓர் இடத்தில் போய்த் தங்குங்கள், பத்து நாள்தான் என்கிறான். அவர் சண்டை போடவில்லை, அழவில்லை. பையைக் கட்டினார். போன முறை பத்து நாளுக்கு எடுத்துப்போனவர், இந்த முறை அரிசியும் உப்பும் சேர்த்து எடுத்துவைத்திருக்கிறார். இதை மறதி நோய் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு இதில் தெரிவது நல்ல ஞாபகம்தான்.

செய்ய வேண்டியது இது. இன்றைக்கே கணவரும் நீங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வியட்நாமிய மொழியில், "உங்களை எங்கேயும் அனுப்பவில்லை, நீங்கள் இருக்கும் இடம் இதுதான்" என்று சொல்லுங்கள். கணவர் வாயால் சொல்ல வேண்டும். முதியோர் இல்ல ஏற்பாட்டை ரத்து செய்துவிடுங்கள். நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் இரும்புக் கட்டில், சீருடை, குறித்த நேரத்தில் சாப்பாடு, பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது எல்லாம் அவருக்கு வேறு இடத்தை நினைவூட்டும். நாத்தனாரிடம் பேசி, அந்த நாட்களுக்கு லீவு போட்டு வரச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் மாமா அறிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து தங்கட்டும். பத்து என்பதை ஒன்பது என்று மாற்றிச் சொல்லி அவரை ஏமாற்ற வேண்டாம். போகும் டிக்கெட், வரும் டிக்கெட் இரண்டையும் கையில் கொடுங்கள். காலண்டரில் தேதியை அவரே வட்டமிடட்டும். வீட்டுச் சாவி அவரிடம் இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் கூப்பிடுங்கள், ஒருநாள்கூடத் தவறக் கூடாது.

அந்தப் பையைப் பிரிக்காதீர்கள். அரிசியில் வண்டு விழுமே என்று இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே புது அரிசி மாற்றி வையுங்கள்.

அடுத்து நோட்டும் பேனாவும். அறிவிப்பில் பேப்பரும் பேனாவும் இருந்ததைச் சொன்னேன் அல்லவா? அது எதற்கு என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. முகாமில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையை எழுதிக் கொடுக்க வேண்டும். 'பான் து காய்' என்பார்கள், தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம். பிறந்த ஊர், அப்பா என்ன செய்தார், தாத்தாவிடம் எவ்வளவு நிலம் இருந்தது, எந்தப் படையில் இருந்தாய், எங்கே சண்டை போட்டாய், என்ன குற்றம் செய்தாய். ஒருமுறை எழுதினால் முடியாது. திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்கள். போன தடவை எழுதியதும் இந்தத் தடவை எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்றால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம். குறைவாக எழுதினால் நேர்மை இல்லை என்பார்கள், அதிகமாக எழுதினால் அதுவே குற்றப்பத்திரிகை ஆகிவிடும். சொந்தக் கதையைச் சொல்வதே ஆபத்தான காரியம் என்று வருடக்கணக்கில் பழக்கப்பட்ட மனிதர் அவர். நீங்கள் அன்போடு பேனாவைத் திறந்தீர்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். கலிபோர்னியாவில் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு வியட்நாமியப் பெரியவரைப் பார்த்தேன். கையில் படிவம். "முகாமிலிருந்து 1981இல் வந்ததாகச் சொல்கிறீர்கள், இங்கே 1980 என்று இருக்கிறதே?" என்று கேட்டேன். ஒரு வருட வித்தியாசம், குறிப்பைச் சரி செய்யக் கேட்டேன், அவ்வளவுதான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்து, தலையைக் குனிந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நான் அந்தப் படிவத்தை மூடி வைக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதனால் மாமா பேசும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். "அன்றைக்கு வேறு மாதிரி சொன்னீங்களே" என்று கேட்கவே கேட்காதீர்கள். தேதி மாறட்டும், ஊர்ப்பெயர் மாறட்டும், ஒரே ஆள் ஒரு கதையில் சாகட்டும், இன்னொரு கதையில் பிழைக்கட்டும். திருத்த வேண்டாம். பதிவு செய்ய அவருக்கே ஆசை இருந்தால், போனை அவர் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் ஆரம்பிக்கும், எதை அழுத்தினால் நிற்கும், எதை அழுத்தினால் அழிந்துபோகும் என்று காட்டுங்கள். சிறுவயது மீன்பிடியில் ஆரம்பித்துப் படையில் சேரும் முன்பே நிறுத்திவிட்டால் அதுவும் சரி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் வியட்நாமிய அமெரிக்கர்களின் வாய்மொழி வரலாறுகளை 2011 முதல் சேகரிக்கிறார்கள். அவரைப் போன்றவர்கள் பலர் அங்கே பேசியிருக்கிறார்கள். இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று மட்டும் ஒருநாள் சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். 1972 மார்ச் 30 அன்று வடக்கின் படைகள் பெரிய தாக்குதலைத் தொடங்கின. மே 1 அன்று குவாங் ட்ரி நகரம் அவர்கள் கைக்குப் போனது. அங்கிருந்து தெற்கே ஹுவே நகரம் நோக்கி ஓடிய மக்கள் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் குண்டுமழையில் சிக்கிச் செத்தார்கள். ஜூன் கடைசியில் தெற்கின் படைகள் நகரத்தை மீட்கக் கிளம்பின. செப்டம்பர் 16 அன்று மரைன் படை கோட்டையைப் பிடித்தது. அந்தச் சண்டையை 81 நாள் என்றே கணக்குச் சொல்வார்கள். ஒரு சின்ன நகரம், செங்கல் சுவர்க் கோட்டை, குண்டு விழுந்து விழுந்து நிற்கும் கட்டடம் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. பக்கத்தில் ஓடுவது தாக் ஹான் ஆறு. வடக்கின் சிப்பாய்கள் இரவில் அந்த ஆற்றைக் கடந்துதான் கோட்டைக்குள் வந்தார்கள். அவர்களில் பலர் கல்லூரியிலிருந்து நேராகப் படைக்கு வந்த பையன்கள். பலரின் உடலை ஆறு கொண்டுபோயிற்று. இன்றும் அந்த ஆற்றில் அவர்களுக்காகப் பூவும் விளக்கும் மிதக்க விடுகிறார்கள்.

உங்கள் மாமனாருடன் நின்று செத்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் அந்த நாட்டில் இல்லை. பியென் ஹோவாவில் தெற்கின் பெரிய ராணுவக் கல்லறை இருந்தது. வாசலில் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிப்பாயின் சிலை, பெயர் 'துவோங் தியெக்', அதாவது துயரம். 1975இல் சைகோன் விழுந்த பிறகு சிலையைத் தகர்த்துவிட்டார்கள். கல்லறையும் ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் போய், 2006இல்தான் பொது நிர்வாகத்துக்கு வந்தது. அழுவதற்கு இடம் இல்லாத சாவு ஆளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உங்கள் வீட்டுப் பூஜை மேடையில் மாமியார் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றும்போது, "வேறு யாருக்காவது ஏற்றணுமா மாமா?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு கேள்வி கேட்கலாம்.

ஆற்றைக் கடந்து வந்த அந்தப் பையன்களைப் பற்றியும் அவர் ஒருநாள் பேசக்கூடும். நான் சுட்டேன் என்று சொல்லக்கூடும். அப்போது, "போர்தானே மாமா, வேற வழி இல்லையே" என்று சமாதானம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அந்தப் பதிலை அவர் ஐம்பது வருடமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பார். டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் இருங்கள், போதும்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. முகாமிலிருந்து வந்தவர்கள் வீட்டுக்கு வந்த பிறகும் காவலில்தான் இருந்தார்கள். உள்ளூர்ப் போலீஸிடம் தவறாமல் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டு நகர அனுமதி வேண்டும். பழைய ராணுவத்தான் பிள்ளை என்ற முத்திரை பள்ளிச் சேர்க்கை வரை தொடரும். உங்கள் கணவர் மாமா திரும்பி வந்த பிறகு பிறந்தவராக இருந்தால், அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே சின்னப் பிள்ளையாகத் தூங்கியிருப்பார். உங்களுக்கு இது புதிது, அவருக்கு இல்லை. உங்கள் நாத்தனாரிடம் பேசச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மனைவிமார்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சைகோனிலிருந்து ஹனோய் வரை ரயிலில் போய், அப்புறம் லாரி, அப்புறம் நடை என்று முகாமைத் தேடிப் போனார்கள். 'தாம் நுவோய்' என்று அதற்குப் பெயர், பார்த்துவிட்டு ஊட்டிவிட்டு வருவது. வறுத்த எள்ளுப்பொடி, எலுமிச்சைப்புல் சேர்த்து வறுத்த உப்பு, உலர்த்திப் பஞ்சாக்கிய இறைச்சி என்று கெடாத பண்டங்களாகச் சுமந்து போவார்கள். பேசக் கிடைப்பது பதினைந்து நிமிடமோ அரை மணியோ, காவலாளி பக்கத்திலேயே நிற்பான். உங்கள் மாமியாரும் போயிருப்பார். நாத்தனாரும் கூடவே போயிருக்கலாம்.

மாமியார் இருந்தவரை மாமாவுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அந்த ஆள் போன பிறகு அந்த நினைவெல்லாம் வேறு யாரிடமாவது போய்ச் சேர வேண்டியிருக்கிறது. உங்களிடம் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு அந்த ஊர் தெரியாது, எந்தக் கட்சியும் இல்லை, விசாரித்துச் சோதிக்க மாட்டீர்கள். மகனிடம் சொன்னால் மகன் உடைந்துபோவான் என்ற பயமும் இருக்கும்.

டாக்டரிடம் கட்டாயம் போங்கள். தூக்கத்தில் கையை வீசுவது கெட்ட கனவாக இருக்கலாம். கனவில் நடப்பதை உடம்பு அப்படியே செய்துவிடுகிற ஒரு தூக்கக் கோளாறாகவும் இருக்கலாம். வயதான ஆண்களிடம் அது பார்க்கின்சன் நோய்க்கு முன்னால் வரும் அறிகுறியாக இருப்பதுண்டு. போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியோடு தொடர்புள்ள நோய்களின் பட்டியலில் அமெரிக்க அரசு 2010இல் பார்க்கின்சனைச் சேர்த்தது, தன் சொந்த வீரர்களுக்காக. உங்கள் மாமனாரும் அதே மண்ணில் சண்டை போட்டவர்தான். ஆனால் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் கதவு தென் வியட்நாம் வீரர்களுக்குப் பொதுவாகத் திறப்பதில்லை. போர் அதிர்ச்சி மனநோயை 1980இல் மருத்துவக் கையேட்டில் ஏற்ற வைத்ததே வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் போராட்டம்தான். அவர்கள் பக்கத்தில் நின்று சண்டை போட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்று தலைக்காயம். ஹார்வர்டில் ரிச்சர்ட் மொல்லிகாவின் குழு, முகாமில் இருந்து வந்த வியட்நாமியர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. தலையில் அடிபட்டவர்களின் மூளையில் சில பகுதிகள் மெலிந்திருந்தன, மனச்சோர்வும் அதோடு சேர்ந்து இருந்தது. அடி வாங்கியதை இந்தத் தலைமுறை தானாகச் சொல்லாது. தலைவலி, தூக்கமில்லை என்று உடம்பைப் பற்றித்தான் சொல்லும். டாக்டர் அங்கிருந்தே ஆரம்பிக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மகனையோ பேத்தியையோ அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். எந்த ஊர்ப் பேச்சு பேசுபவர் வேண்டும் என்று மாமாவிடமே கேளுங்கள். சில பெரியவர்களுக்கு வடக்கத்திப் பேச்சைக் கேட்டாலே காவலாளி ஞாபகம் வந்துவிடும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கிடைத்தால், தரையில் ஒரு கயிற்றைப் பிறப்பிலிருந்து இன்று வரை விரித்து, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லாக மெதுவாகப் பேசும் ஒரு முறை இருக்கிறது. அகதிகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. வீட்டில் நீங்களாக முயல வேண்டாம். "அவளிடமே போய்ச் சேர்ந்துவிடுகிறேன்" என்கிற மாதிரி மாமா பேசினால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் உடனே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இரவில் கத்தினால் தொட்டு உலுக்காதீர்கள். வாசலில் நின்றபடி விளக்கைப் போட்டு, "பா" என்று மகன் கூப்பிடட்டும். இது சான் ஹோசே, இது வீடு, மணி இத்தனை என்று சொல்லட்டும். மகளிடம், "தாத்தா ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு பயங்கரமான இடத்தில் இருந்தார், தூக்கத்தில் அது ஞாபகம் வருகிறது, உன் மேல் கோபம் இல்லை" என்று சொன்னால் எட்டு வயதுக்குப் போதும். விவரமாகச் சொல்லும் கதைகள் அவள் தூங்கிய பிறகு இருக்கட்டும். நடுராத்திரி வரை இழுக்கவும் வேண்டாம். சாயங்காலம் டீ நேரம், ஒரு மணி நேரம், அதன்பின் இரண்டு பேரும் ஒரு நடை போய் வாருங்கள். நீங்களும் மனுஷிதானே, கேட்டதெல்லாம் உங்கள் தூக்கத்துக்குள்ளும் வரும். கணவரிடம் சொல்ல முடியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

கடைசியாக மரச்சீனி. முகாம்களில், அதிலும் வடக்கில், அரிசி அபூர்வம். சோளமும் இந்தக் கிழங்கும்தான் சாப்பாடு. அதையும் அவர்களே நட்டு, அவர்களே தோண்டி, எண்ணிக் கொடுத்ததைத் தின்றார்கள். ஒரு துண்டை ஒளித்து வைத்தால் இரவுக்கு ஆகும், அகப்பட்டால் தண்டனை. டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப்பைக்குப் போன துண்டு அதுதான். நம் ஊரிலும் இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோய், திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனியால்தான் வயிறு நிறைந்தது. உங்கள் பாட்டி சொல்லியிருக்கலாம். அதை மாமாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டு மேஜையில் வேண்டாம், நடை போகும்போது. இனிமேல் சமைக்கவே கூடாது என்று ஒதுக்காதீர்கள். சமைக்கும் அன்று காலையிலேயே, "இன்னைக்கு மரச்சீனி அவிக்கலாம்னு இருக்கேன் மாமா, உங்களுக்குச் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் என்ன சொன்னார், நாத்தனார் வருகிறாரா என்று எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.